குதிரை உதைத்த கணக்கு: சராசரியும் பரவற்படியும் சமமானால் அது பாய்சான் பரவலா?

ஜூன் 4, இரவு 9.10 | வாசகர் கேள்வி

அரிதாக, ஒன்றையொன்று சாராமல் நடக்கும் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கைக்குப் பொருந்தும் பாய்சான் பரவலுக்கு உதாரணமாகப் பாடநூல்களில் வரும் பிரஷ்யப் படைக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தேன். குதிரை உதைத்துச் செத்த வீரர்களின் எண்ணிக்கை, மொத்தம் 200 பதிவுகள் (ஒரு படைப்பிரிவின் ஓர் ஆண்டு ஒரு பதிவு). 109 பதிவுகளில் சாவே இல்லை. 65-இல் ஒன்று, 22-இல் இரண்டு, 3-இல் மூன்று, 1-இல் நான்கு. சராசரி 0.61. பரவற்படி, அதாவது சராசரியிலிருந்து விலகும் விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி வகுத்தது, 200-ஆல் வகுத்தால் 0.608, 199-ஆல் வகுத்தால் 0.611. இதில் எது சரி? எதை எடுத்தாலும் 0.61-ஐ ஒட்டித்தான் வருகிறது. அதனால் என் முடிவு இது: எண்ணிக்கைத் தரவு எதுவானாலும் சராசரியும் பரவற்படியும் சமமா என்று பார்த்தால் போதும். சமமானால் பாய்சான். சமமில்லை என்றால் தரவில் பிழை. சரிதானே?

ஜூன் 4, இரவு 10.35

கணக்கு சரி. முடிவு இரண்டு பக்கமும் தவறு.

முதல் பக்கம். ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். பூ விழுந்தால் 0, தலை விழுந்தால் 2 என்று எழுதுங்கள். சராசரி 1. ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து சரியாக 1 தள்ளியே நிற்கிறது, ஆகவே பரவற்படியும் 1. இரண்டும் சமம். ஆனால் இந்தத் தரவில் 1 என்ற எண் ஒருமுறைகூட வராது. சராசரி 1 உள்ள பாய்சானிலோ 0-க்கும் 1-க்கும் தலா 36.8 சதவீதம் வர வேண்டும். ஆகவே சமமாக இருப்பது பாய்சானுக்கு வேண்டிய அடையாளம்தான், ஆனால் அது மட்டும் போதாது.

இரண்டாவது பக்கம் இன்னும் முக்கியம். சமமில்லை என்றால் தரவில் பிழை என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. நாம் எடுத்துக்கொண்ட அனுமானம் பிழையாக இருக்கலாம். சமமின்மைதான் பல நேரம் தரவு நமக்குச் சொல்கிற செய்தி. அதைப் பிறகு எழுதுகிறேன்.

200-ஆ 199-ஆ என்ற கேள்விக்கு: கையில் இருப்பதே முழுத் தொகுதி, வேறு எதையும் ஊகிக்கப் போவதில்லை என்றால் 200. இந்தப் பதிவுகளை வைத்துப் பின்னால் இருக்கும் பரவலின் பரவற்படியை மதிப்பிடுகிறீர்கள் என்றால் 199. சராசரியையும் இதே தரவிலிருந்துதான் எடுத்தோம். எடுத்த சராசரி எப்போதும் தரவுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் விலக்கங்கள் உண்மையைவிடச் சற்றுச் சிறிதாகவே வரும். ஒன்றைக் குறைத்து வகுப்பது அதை ஈடுசெய்கிறது. பகடையில் பார்த்தால் தெளிவு. 1 முதல் 6 வரையிலான பகடையின் பரவற்படி 2.917. இரண்டிரண்டு வீச்சாக எடுத்து ஒவ்வொரு ஜோடிக்கும் 2-ஆல் வகுத்துப் பரவற்படி கண்டால், அவற்றின் சராசரி 1.458, சரியாகப் பாதி. 1-ஆல் வகுத்தால் 2.917 வந்துவிடும்.

ஜூன் 5, காலை 7.20

எதிர்பார்க்கும் நிகழ்வெண்களை (பாய்சான் உண்மையானால் 0, 1, 2 ஒவ்வொன்றும் எத்தனை பதிவில் வர வேண்டும் என்பதை) போடாமல் சராசரி, பரவற்படி இரண்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. போடுவதும் எளிது. ஒவ்வொன்றுக்கும் தொடர்பெருக்கம் கண்டு சூத்திரத்தில் வைக்கத் தேவையில்லை.

2.71828-ஐ மைனஸ் 0.61 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 0.5434. அதை 200-ஆல் பெருக்கினால் 108.67. இது பூஜ்யத்துக்கு. அதை 0.61-ஆல் பெருக்கி 1-ஆல் வகுக்க, 66.29. அதை மறுபடி 0.61-ஆல் பெருக்கி 2-ஆல் வகுக்க, 20.22. அடுத்ததற்கு 3-ஆல் வகுக்க, 4.11. பிறகு 4-ஆல் வகுக்க, 0.63. முந்தைய விடையை லாம்டாவால் (பாய்சானின் சராசரி, இங்கே 0.61) பெருக்கி வரிசை எண்ணால் வகுத்துக்கொண்டே போவதுதான் முறை. இடையில் இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கிவிட்டால் அந்தப் பிழை அடுத்தடுத்த படிக்கும் போகும். கால்குலேட்டரில் முழு எண்ணையும் வைத்துக்கொண்டே போங்கள்.

உண்மையில் கிடைத்தவை 109, 65, 22, 3, 1. எதிர்பார்த்தவை 108.67, 66.29, 20.22, 4.11, 0.63. கடைசி இரண்டையும் சேர்த்து ‘3-உம் அதற்கு மேலும்’ என ஒரே வகுப்பாக்கினால் கிடைத்தது 4, எதிர்பார்த்தது 4.82. ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்த்ததால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டினால் வருவது கை-வர்க்க மதிப்பு, இங்கே 0.32. நான்கு வகுப்புகள், ஆகவே டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (கட்டுப்பாடின்றி மாறக்கூடிய வகுப்புகளின் எண்ணிக்கை) 3.

ஜூன் 5, காலை 9.05

மேலே 3 என்று எழுதியது தவறு, 2 என்று படிக்கவும். வகுப்புகளின் கூட்டுத்தொகை 200 என்று கட்டிவைத்ததால் ஒன்று போகிறது. லாம்டாவை இதே தரவிலிருந்து எடுத்ததால் இன்னொன்று போகிறது. 0.61 என்பது வேறெங்கிருந்தோ முன்கூட்டியே தெரிந்த எண்ணாக இருந்தால் மட்டுமே 3. தேர்வுத்தாளில் மிக அதிகம் மதிப்பெண் போகும் இடம் இதுதான், அதனால் மேலே உள்ளதை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

டிகிரி 2 என்றால் ஒரு வசதி உண்டு. அட்டவணை வேண்டாம். 2.71828-ஐ, கை-வர்க்க மதிப்பின் பாதிக்கு மைனஸ் போட்ட அடுக்குக்கு உயர்த்தினால் அதுவே பி-மதிப்பு, அதாவது பாய்சான் உண்மையாக இருந்தாலும் இவ்வளவோ இதைவிட அதிகமோ விலகல் வரும் வாய்ப்பு. 0.32-இன் பாதி 0.16, விடை ஏறத்தாழ 0.85. 5 சதவீத எல்லை 5.99. நாம் அதன் பக்கத்தில்கூட இல்லை. பாய்சானை மறுக்க இந்த 200 பதிவுகளில் எதுவும் இல்லை.

மறுக்க எதுவும் இல்லை என்று மட்டும்தான் சொல்கிறேன். பாய்சான் என்று நிரூபணமாகிவிட்டது என்று சொல்லவில்லை.

ஜூன் 5, பகல் 1.15

‘4.82 என்பது 5-க்குக் குறைவு, அந்த வகுப்பையும் சேர்க்க வேண்டாமா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு வகுப்பிலும் எதிர்பார்க்கும் நிகழ்வெண் 5-ஆவது இருக்க வேண்டும் என்பது கைவிதி, சட்டம் இல்லை. 4.82-ஐத் தனி வகுப்பாகவே விட்டுவிடலாம். 0.63-ஐத் தனி வகுப்பாக விடக் கூடாது, ஏனென்றால் அவ்வளவு சிறிய எண்ணால் வகுத்தால் ஒரே ஒரு சாவு கூடுதலாக இருந்தாலும் மொத்த மதிப்பும் துள்ளிவிடும். இன்னொன்று: அந்த விதி எதிர்பார்க்கும் நிகழ்வெண்ணுக்குத்தான். கிடைத்த நிகழ்வெண் 0 ஆக இருந்தாலும் குற்றமில்லை.

ஜூன் 5, இரவு 8.50

இந்த 200 எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போனால் விஷயமே விட்டுப்போகும்.

1898-இல் லாடிஸ்லாஸ் போர்ட்கீவிச் வெளியிட்ட கணக்கு இது. பிரஷ்யப் படையின் 14 பெரும் படைப்பிரிவுகள், 1875 முதல் 1894 வரை 20 ஆண்டுகள். ஒரு படைப்பிரிவு ஓர் ஆண்டில் எத்தனை பேரைக் குதிரை உதைக்கு இழந்தது என்பது ஒரு பதிவு. 14-ஐ 20-ஆல் பெருக்க 280 பதிவுகள். அப்படியானால் நம் கையில் இருக்கும் 200?

14-இல் நான்கு பிரிவுகளை நீக்கிய பிறகு மிஞ்சிய 10-தான் அந்த 200. நீக்கியவை காவலர் படைப்பிரிவு, 1-ஆம், 6-ஆம், 11-ஆம் படைப்பிரிவுகள். காரணம், அவற்றின் அமைப்பு மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. எல்லாப் பிரிவிலும் ஒரே அளவு குதிரையும் ஆளும் இருந்தால்தான் ஒரே லாம்டா என்று பேச முடியும். பல பாடநூல்கள் 200-ஐ மட்டும் அச்சிட்டு இந்த நீக்கத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. மாணவருக்குத் தெரிய வேண்டிய பகுதியே அதுதான். பொருந்தவில்லை என்பதற்காக நீக்கவில்லை, அமைப்பு வேறு என்பதற்காக நீக்கினார்கள். இந்த இரண்டு நீக்கங்களுக்கும் நடுவே உள்ள தூரம்தான் நேர்மை.

280 பதிவுகளையும் வைத்தால்: 144-இல் 0, 91-இல் 1, 32-இல் 2, 11-இல் 3, 2-இல் 4. மொத்தம் 196 சாவு. சராசரி 0.70, பரவற்படி 0.763. எதிர்பார்க்கும் நிகழ்வெண்கள் 139.04, 97.33, 34.07, மிச்சம் 9.56. கை-வர்க்கம் 1.95, டிகிரி 2, பி-மதிப்பு 0.38.

அதாவது அமைப்பில் வேறுபட்ட நான்கு பிரிவுகளையும் உள்ளே வைத்திருந்தாலும் சோதனை அதைக் கண்டுபிடித்திருக்காது. பொருந்துகிறது என்றே சொல்லியிருக்கும். அந்த வேறுபாட்டைச் சொன்னது எண்கள் இல்லை, படை எப்படி அமைந்திருந்தது என்று தெரிந்த மனிதர். ஒரு பரவலைத் தேர்ந்தெடுப்பது என்றால் தரவு எப்படிப் பிறந்தது என்பதைப் பற்றி ஒரு கூற்றை முன்வைப்பது. அந்தக் கூற்றில் பெரிய ஓட்டை இருந்தால் சோதனை காட்டும். சிறிய ஓட்டையைப் பல நேரம் காட்டாது.

ஜூன் 5, இரவு 9.30

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு, ‘200 பதிவுகளில் 122 சாவா, 196 சாவா?’ என்று கேள்வி வந்திருக்கிறது. 200 பதிவுகளில் 122. 280 பதிவுகளில் 196. குழப்பம் வரக் காரணம், 200 பதிவுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 65 + 88 + 27 + 16, அதுவும் 196! முழுத் தற்செயல். 196-ஐ 200-ஆல் வகுத்துச் சராசரி 0.98 என்று யாராவது எழுதியிருந்தால் இந்த இடத்தில் இடறியிருக்கிறார்கள்.

ஜூன் 6, காலை 6.45

கேட்டவர் ‘0.61-ஐ ஒட்டித்தான் வருகிறது’ என்றார். எவ்வளவு ஒட்டி வந்தால் ஒட்டியதாகக் கணக்கு? இதைப் பாடநூல்கள் பேசுவதே இல்லை.

பரவற்படியைச் சராசரியால் வகுத்த விகிதத்தை எடுங்கள். உண்மையில் பாய்சானாக இருந்தால் விகிதம் 1-ஐச் சுற்றி ஆடும். எவ்வளவு ஆடும் என்பதற்கு நல்ல தோராயம்: பதிவுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, 2-ஐ அதனால் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். 200 பதிவுகளுக்கு 0.10. இரண்டு மடங்கு எடுத்தால் 0.8 முதல் 1.2 வரை எது வந்தாலும் வியப்பில்லை. குதிரைக் கணக்கில் வந்த விகிதம் 1.002. இவ்வளவு நெருக்கம் அதிர்ஷ்டம். பாய்சான் தரவு வழக்கமாக இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று இந்த ஒரு உதாரணத்தை வைத்து எண்ணிக்கொண்டவர்கள், விகிதம் 1.13 வந்ததும் பயந்து போகிறார்கள்.

30 நாள் பதிவேடு என்றால் ஆட்டம் 0.26. அப்போது 0.5 முதல் 1.5 வரை எதையும் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு மாதத் தரவை வைத்துப் பாய்சானா இல்லையா என்று சண்டை போடுவதில் பயனே இல்லை.

இதையே சோதனையாகப் போட வேண்டுமானால், விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகையைச் சராசரியால் வகுத்து, அதைப் பதிவுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்த டிகிரியில் கை-வர்க்கமாகப் பாருங்கள். 200-க்கு 199.3 வருகிறது, டிகிரி 199. 280-க்கு 304 வருகிறது, டிகிரி 279. இந்த டிகிரியில் கை-வர்க்கத்தின் திட்டவிலக்கம் 23.6, ஆகவே 25 கூடுதல் என்பது ஒரு திட்டவிலக்கம்தான். பாருங்கள், இந்தச் சோதனையில் 200-ஆல் வகுப்பதா 199-ஆல் வகுப்பதா என்ற கேள்வியே எழவில்லை. கூட்டுத்தொகையை வகுக்காமல் அப்படியே எடுக்கிறோம்.

ஜூன் 6, காலை 11.00

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், ‘பரவற்படி என்று நீங்கள் சொல்வது மாறற்றிறனா?’ என்று கேட்கிறார். ஆம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் இதையே விலக்க வர்க்கச் சராசரி என்றும் படித்திருப்பார்கள். பரவல் இலங்கையில் பரம்பல். இயல்நிலைப் பரவல் அங்கே செவ்வன் பரம்பல். திட்டவிலக்கம் நியம விலகல். முகடு ஆகாரம். இவையெல்லாம் பரவாயில்லை, பழகிவிடும். ஒரு இடத்தில் மட்டும் இரு கரைக்காரர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: இலங்கையில் ‘இடை’ என்றால் சராசரி, இங்கே ‘இடைநிலை’ என்றால் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பது, அங்கே அதற்கு இடையம். இடை, இடைநிலை, இடையம் மூன்றும் ஒரே இழையில் கலந்தால் தப்பான எண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்த இழையில் சராசரி என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 7, காலை 7.40

ஒருவர் அனுப்பிய தனிக் கேள்வி, எல்லோருக்கும் பயன்படும்: ‘10,000 பேருக்கு எத்தனை என்ற வீதத்தில் தரவு வைத்திருக்கிறேன். பரவற்படி சராசரியைப் போலப் பல மடங்கு வருகிறது. பாய்சான் இல்லை என்று விட்டுவிடலாமா?’

விட வேண்டாம், முதலில் வீதத்தைக் கைவிடுங்கள். குதிரைக் கணக்கையே எடுத்து, ஒரு படைப்பிரிவுக்கு என்பதை 10 படைப்பிரிவுக்கு என்ற வீதமாக மாற்றுங்கள். ஒவ்வோர் எண்ணும் 10 மடங்கு. சராசரி 6.1. பரவற்படியோ 100 மடங்காகி 61. தரவு மாறவில்லை, அலகு மட்டும் மாறியது, ஆனால் விகிதம் 1-இலிருந்து 10-க்குப் போய்விட்டது. பரவற்படிக்கு அலகின் வர்க்கம் அலகு. சராசரிக்கு அலகே அலகு. அதனால் பாய்சான் சோதனை எண்ணிய எண்ணுக்கு மட்டுமே பொருந்தும்: 0, 1, 2, 3. சதவீதம், ஆயிரத்துக்கு எத்தனை, கிலோவுக்கு எத்தனை என்பதெல்லாம் எண்ணிக்கையாகத் திரும்பிய பிறகே.

ஊருக்கு ஊர் மக்கள்தொகை வேறு என்பதால்தான் வீதமாக மாற்றினேன் என்பார்கள். காரணம் நியாயம், வழி தவறு. எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊருக்கும் எதிர்பார்க்கும் எண்ணிக்கையைத் தனித்தனியே போடுங்கள்: மொத்த நிகழ்ச்சி வகுத்தல் மொத்த மக்கள், அதைப் பெருக்கல் அந்த ஊர் மக்கள். பிறகு ஒவ்வோர் ஊரிலும் கிடைத்ததையும் எதிர்பார்த்ததையும் ஒப்பிடுங்கள்.

ஜூன் 7, பகல் 2.10

இப்போது சமமின்மைக்கு வருகிறேன். பரவற்படி சராசரியைவிட அதிகமானால் மூன்று இடத்தில் தேடுங்கள்.

ஒன்று, லாம்டா ஒன்றல்ல, பல. தெருவிளக்குப் புகார்ப் பதிவேடு ஒன்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். வேலை நாளில் சராசரி 6 புகார், ஞாயிறன்று 1. ஒவ்வொரு நாளும் அதனதன் அளவில் சுத்தமான பாய்சான். எல்லா நாளையும் ஒரே பட்டியலில் கொட்டினால் சராசரி 37-ஐ 7-ஆல் வகுத்து 5.29. பரவற்படி? நாள்களுக்குள்ளேயான பரவற்படியின் சராசரி 5.29, அதோடு நாள்களின் சராசரிகளுக்கு இடையேயான பரவற்படி 3.06 கூடி 8.35. விகிதம் 1.58. தரவில் பிழையே இல்லை. ஞாயிறைத் தனியே எடுத்தால் இரண்டு பட்டியலும் சாதுவாகிவிடும்.

இரண்டு, ஒன்று நடந்தால் அடுத்தது கூடவே வரும். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போனால் ஒரு தெருவே புகார் செய்யும். தொற்றுநோயும் இப்படித்தான். இங்கே பிரித்துப் போட நாள் கிடையாது. நிகழ்ச்சிகள் சார்பற்றவை என்ற அடிப்படையே உடைந்திருக்கிறது. புகார்களை எண்ணாமல் பழுதுகளை எண்ணினால் பாய்சானுக்குத் திரும்ப வழி உண்டு.

மூன்று, ஒவ்வொரு பதிவுக்கும் வாய்ப்பின் அளவு வேறு. பிரஷ்யாவின் அந்த நான்கு படைப்பிரிவுகள் இதுதான்.

விகிதம் 1-க்கும் கீழே போவதும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. 15 நிமிடத்துக்கு ஒன்று என ஒழுங்காக வரும் டவுன் பஸ்ஸை மணிக்கு எத்தனை என்று எண்ணினால் எப்போதும் 4, பரவற்படி பூஜ்யத்துக்குப் பக்கம். எண்ணிக்கைக்கு மேல்வரம்பு இருக்கும்போதும் இப்படி வரும். 10 வித்துகள் போட்டு, ஒவ்வொன்றும் முளைக்காமல் போகும் வாய்ப்பு 0.2 என்றால் சராசரி 2, பரவற்படி 1.6. அது ஈருறுப்புப் பரவல். ஒன்றுமே கெடாமல் எல்லாம் முளைக்கும் வாய்ப்பு 0.107, பாய்சானைப் போட்டால் 0.135 என்று தப்பாக வரும். 1000 வித்து, வாய்ப்பு 0.002 என்றால் 0.1351-உம் 0.1353-உம். அப்போது எதைப் போட்டாலும் ஒன்று. படைப்பிரிவில் ஆயிரக்கணக்கான ஆள்கள், ஒவ்வொருவருக்கும் உதை வாங்கிச் சாகும் வாய்ப்பு மிகச் சிறிது. பாய்சான் அங்கே இயல்பாகப் பிறப்பது இதனால்தான்.

ஜூன் 8, காலை 8.30

மேலே உள்ளதற்கு உண்மைத் தரவு வேண்டும் என்று கேட்டதால்.

டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை செய்த வில்லியம் காசெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற பெயரில் எழுதியவர். 1908-இல் டி-பரவலைத் தந்தவரும் அவரே. 1907-இல் ஈஸ்ட் செல்களை எண்ணும் கண்ணாடித் தகட்டில் ஒரு சதுர மில்லிமீட்டரை 400 கட்டங்களாகப் பார்த்துக் கட்டம் கட்டமாக எண்ணினார். ஒரு மாதிரியில்: 213 கட்டங்களில் 0, 128-இல் 1, 37-இல் 2, 18-இல் 3, 3-இல் 4, 1-இல் 5. மொத்தம் 273 செல்கள். சராசரி 0.6825, பரவற்படி 0.814, விகிதம் 1.19.

1.19 என்பது சின்ன எண்தானே என்று தோன்றும். 400 பதிவுகளுக்கு அனுமதிக்கும் ஆட்டம் 0.071, ஆகவே 1.19 என்பது 2.7 மடங்கு தள்ளி நிற்கிறது. பாய்சான் எதிர்பார்ப்பு 202.1, 138.0, 47.1, மிச்சம் 12.8. கிடைத்தது 213, 128, 37, 22. பூஜ்யமும் அதிகம், 3-க்கு மேலும் அதிகம், நடுவில் பள்ளம். கை-வர்க்கம் 10.0, பி-மதிப்பு 0.007. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இறங்கினால் வருகிற உருவம் இதுவே: சேர்ந்து விழுகிற இடத்தில் கூட்டம், மற்ற இடத்தில் வெறுமை.

அவர் எண்ணிய இன்னொரு மாதிரி, சராசரி 4.68, பரவற்படி 4.47, விகிதம் 0.95. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. தகடு ஒன்றாக இருந்தும் மாதிரிக்கு மாதிரி நடத்தை மாறுகிறது, ஆகவே ‘ஈஸ்ட் எண்ணிக்கை பாய்சான்’ என்றோ ‘இல்லை’ என்றோ பொதுவாகச் சொல்வது தவறு.

ஜூன் 8, காலை 8.55

மேலே விட்டுப்போனது. பாய்சான் பொருந்தாத அந்த மாதிரிக்கு எதிர்மறை ஈருறுப்புப் பரவலைப் போட்டால் என்ன ஆகும்? அதில் பரவற்படி என்பது சராசரி கூட்டல், சராசரியின் வர்க்கத்தை ஓர் அளவுருவால் வகுத்தது. அந்த அளவுரு இங்கே 0.4658-ஐ 0.1312-ஆல் வகுக்க 3.55. எதிர்பார்ப்பு 214.3, 122.7, 45.0, மிச்சம் 18.1. கை-வர்க்கம் 2.5. இரண்டு அளவுருவைத் தரவிலிருந்து எடுத்ததால் டிகிரி 1, எல்லை 3.84. 2.5 அதற்குள் நிற்கிறது, ஆகவே இந்தப் பரவல் பொருந்துகிறது. அளவுரு பெரிதாகப் பெரிதாக இது பாய்சானாகிவிடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. லாம்டாவே ஆளுக்கு ஆள் மாறினாலும் இதே பரவல் வரும், ஒட்டிக்கொண்டு விழுந்தாலும் இதே பரவல் வரும். நிகழ்வெண் பட்டியலை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இரண்டில் எது என்று தெரியாது. மைக்ரோஸ்கோப்பில் ஜோடி ஜோடியாக ஒட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஜூன் 9, மாலை 6.20

கண்ணுக்குக் கூட்டம் தெரிகிறதே, அது போதாதா என்ற கேள்விக்கு 1944 லண்டனே பதில். வி-1 பறக்கும் குண்டுகள் சில பகுதிகளைக் குறிவைத்து விழுகின்றன என்று பேச்சு இருந்தது. ஆர்.டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கர் 1946-இல் இதைச் சோதித்தார். தென் லண்டனில் 144 சதுர கிலோமீட்டரைக் கால் சதுர கிலோமீட்டர் கட்டங்களாக 576 ஆக்கி, 537 குண்டுகளை எண்ணினார். 229 கட்டங்களில் 0, 211-இல் 1, 93-இல் 2, 35-இல் 3, 7-இல் 4, ஒன்றில் அதற்கும் மேல். பாய்சான் எதிர்பார்ப்பு 226.74, 211.39, 98.54, 30.62, 7.14, 1.57. இதைவிட நல்ல பொருத்தம் கேட்க முடியாது. அந்தப் பரப்புக்குள் எந்தக் கட்டத்தையும் தனியாகக் குறிவைத்த தடயம் இல்லை.

தற்செயலாகச் சிதறுவது என்றால் சமமாகப் பரவுவது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. மாக்கோலத்தில் புள்ளி வைப்பதுபோல இடைவெளி விட்டு விழுந்தால் அதுதான் தற்செயல் இல்லை, யாரோ வைத்தது. உண்மையான தற்செயலில் கூட்டமும் இருக்கும், வெற்றிடமும் இருக்கும்.

ஜூன் 10, காலை 7.00

நிகழ்வெண் பட்டியல் வரிசையை மறந்துவிடும். அந்த 200 பதிவுகளில் 109 பூஜ்யங்களும் முதல் 11 ஆண்டுகளில், மற்றவற்றில் ஒன்றைத் தவிர எல்லாம் கடைசி 9 ஆண்டுகளில் என்று மாற்றி அடுக்கினாலும் இதே பட்டியல், இதே 0.61, இதே கை-வர்க்கம். ஆனால் அந்தத் தரவு பாய்சானுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே பட்டியல் போடுவதற்கு முன் தேதி வரிசையில் ஒரு படம் வரையுங்கள். இது முதல் குறிப்பிலேயே வந்திருக்க வேண்டிய விஷயம். சோதனைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது.

ஜூன் 10, இரவு 9.45

கேட்டவரின் அடுத்த கேள்வி: ‘ஒரு ஆண்டில் ஒரு நிகழ்ச்சியும் இல்லை. லாம்டா 0 என்று எழுதலாமா?’

எழுதக் கூடாது. லாம்டா உண்மையில் 3 ஆக இருந்தாலும் ஒன்றுமே நடக்காமல் போக 5 சதவீத வாய்ப்பு உண்டு, ஏனென்றால் 2.71828-இன் மைனஸ் 3 அடுக்கு 0.0498. ஆகவே பூஜ்யம் கிடைத்தால், அந்தக் காலத்துக்கு லாம்டா 3 வரை இருக்கக்கூடும் என்றே 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும். 300 ஊசி போட்டு ஒருவருக்கும் பக்கவிளைவு இல்லை என்றால், நூற்றுக்கு ஒருவருக்கு வரும் சாத்தியத்தைக்கூட அந்தத் தரவு விலக்கவில்லை. 3-ஐ 300-ஆல் வகுத்துப் பாருங்கள்.

பூஜ்யம் இல்லாமல் ஓரளவு பெரிய எண்ணிக்கை கிடைத்தால் அதன் வர்க்கமூலமே திட்டவிலக்கத்தின் தோராயம். 122 சாவு என்றால் 11. இரண்டு மடங்கு எடுத்து 100 முதல் 144 வரை என்று எழுதலாம். எண்ணிக்கை 10-க்குக் கீழே போனால் இந்தக் குறுக்குவழி கெட்டுவிடும். 4 கிடைத்தால் 0 முதல் 8 வரை என்று வரும். அது தப்பு, சரியான எல்லை 1.1 முதல் 10.2 வரை. இரண்டு பக்கமும் சமமாக இல்லை, வலப்பக்கம் நீளும்.

ஜூன் 11, காலை 6.30

மேலே 1.1, 10.2 எப்படி வந்தது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கீழெல்லை: 4-உம் அதற்கு மேலும் கிடைக்கும் வாய்ப்பு சரியாக 2.5 சதவீதமாகும் லாம்டா. மேலெல்லை: 4-உம் அதற்குக் கீழும் கிடைக்கும் வாய்ப்பு 2.5 சதவீதமாகும் லாம்டா. கை-வர்க்க அட்டவணை இருந்தால், டிகிரி 8-க்கு 2.5 சதவீதப் புள்ளி 2.18, அதன் பாதி 1.09. டிகிரி 10-க்கு 97.5 சதவீதப் புள்ளி 20.48, அதன் பாதி 10.24. கிடைத்த எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் கீழெல்லையின் டிகிரி, அதோடு 2 கூட்டினால் மேலெல்லையின் டிகிரி. பூஜ்யத்துக்கும் இதே வழிதான், கீழெல்லை மட்டும் கிடையாது. ஆனால் நேற்று எழுதிய 3 ஒருபக்க எல்லை. இரண்டு பக்க முறைப்படி டிகிரி 2-க்கு 97.5 சதவீதப் புள்ளி 7.38, பாதி 3.69. இரண்டையும் கலந்து ஒரே அட்டவணையில் எழுதிவிடாதீர்கள்.